புதுப் பற்றரி போட்டும் கிளம்பாத கார்

அது போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விடாத மழை. சாவியைத் திருப்பினேன். காருக்குள் விளக்கெல்லாம் எரிந்தது. முன்னால் எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினேன். டிக். பற்றரி மாற்றி மூன்றே நாள். பக்கத்து ஆசனத்தில் என் மனைவி பவானி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அவள் பொரளை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் கட்டிலில் படுத்திருக்க வேண்டும்.

கார் ஸ்டார்ட் ஆகாததையெல்லாம் கடவுள் அனுபவம் என்று சொல்ல வந்துவிட்டாரே இந்தக் கிழவர் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். நானும் மற்றவர்கள் இங்கே எழும்பி நின்று தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது பின்வரிசையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தவன்தான். இந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரக் கூட்டுப் பிரார்த்தனைக்கு எட்டு வருடமாக வருகிறேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இன்றைக்குத் திறக்கிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன், என் மடைத்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

பவானிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. மூன்று வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் சேரும். இரண்டு தடவை தவறினால் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதற்குமேல் போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பும் முறிந்தது. அதற்குப் பிறகு அவளால் ஓட்டோவில் ஏற முடியாது. பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், கீழ்த்தட்டு வீட்டில், நாங்கள் இரண்டு பேரும்தான். எங்களிடம் இருந்தது ஜப்பானில் இருந்து வந்த ஒரு பழைய சின்னக் கார். அதன் முன் ஆசனத்தைச் சாய்த்து வைத்தால்தான் அவள் நோகாமல் இருப்பாள்.

அந்தக் காரை வைத்துத்தான் அவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். மெஷின் முடிந்து திரும்பி வரும்போது, பம்பலப்பிட்டியில் சிக்னலில் நிற்கிறோம். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, எனக்குப் போதும் எண்டிருக்கு. இந்தக் கார் ஓடுற வரைக்கும் வாறன். இது நிண்டால் நானும் நிண்டிடுவன். பிறகு என்னை இழுத்துக்கொண்டு திரியக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “உமக்கு விசர், பைத்தியக்காரக் கதை” என்றேன். பச்சை விழுந்தது, காரை எடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது. என்ஜினில் சின்னச் சத்தம் கேட்டாலும் பதறுவேன். ஒயில் பார்ப்பேன், டயர் பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன். மனிசியோடு கதைக்க வேண்டியதைக் கதைக்காமல் காரோடு கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியால் திரும்பும்போது கார் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகியது. பற்றரி களைத்துவிட்டது என்று விளங்கிவிட்டது. பவானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும். மறுநாள் சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். நல்ல பற்றரியாகப் பார்த்து எடுத்தேன்.

பொருத்துகிற மனிதர் பழையதைக் கழற்றிப் புதியதை வைத்துவிட்டு வயரை மாட்டப் போனார். “பொறுங்கோ” என்றேன். நம்மவர்கள் புதிதாக எதை வாங்கினாலும் சும்மா பாவிப்போமா? சந்தனம் வைத்து, குங்குமம் வைத்துத்தானே கை வைப்போம். வரும் வழியில் பிள்ளையாரிடம் போய், ஐயரிடம் கேட்டு, வாழையிலைத் துண்டில் கட்டியாகச் சந்தனம் வாங்கி வந்திருந்தேன். மற்றவர்கள் பெட்டியின் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. மின்சாரம் வருவது மேலே இருக்கிற அந்த இரண்டு ஈயக் குமிழ்களில் இருந்துதானே? அப்படியானால் பிள்ளையார் இருக்க வேண்டிய இடமும் அதுதான் என்று என் மூளை சொன்னது. இரண்டு குமிழிலும் சுற்றிவரத் தடிப்பாகப் பூசினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். கண்ணை மூடி, “அப்பனே, இந்தக் கார் நிற்கக் கூடாது” என்று கும்பிட்டேன்.

அந்த மனிதர் சிங்களவர். நான் கும்பிட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சந்தனம் கலைந்துவிடாமல், மெதுவாக, மெத்தென்று வயரின் கிளிப்பை அதற்கு மேலே இறக்கி முறுக்கினார். இறுக்கி முறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை போலும். கார் ஒரே தடவையில் உறுமியது. எனக்கு அப்படி ஒரு பெருமை. ஞாயிறும் திங்களும் காரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவை இருக்கவில்லை.

செவ்வாய் காலை டிக் என்றது.

முதலில் எங்கள் ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கிற சுனில் பாஸைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், முப்பது வருட அனுபவம். குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹோர்ன் அடித்துப் பார்த்தார், அடித்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. “பெட்டரி ஹொந்தாய், மாத்தயா” என்று சிங்களத்தில் சொன்னார். பற்றரி நல்லது என்கிறார். கியரை மாற்றிப் பார்த்தார், பியூஸ் எல்லாம் பார்த்தார், சாவியைத் துடைத்துப் பார்த்தார். இன்னொரு வாகனத்தில் இருந்து வயர் இழுத்துக் கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்டார். நான் சீறி விழுந்தேன். புதுப் பற்றரி வாங்கியவனிடம் பிச்சைக் கரண்ட் எடுக்கச் சொல்வதா? அது ஓட்டோ கியர் கார், தள்ளி எடுக்கவும் வழியில்லை. கடைசியில் ஸ்டார்ட்டர்தான் போயிருக்க வேண்டும், கழற்றிப் பார்க்கிறேன் என்றார். அதற்கு முதலில் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். ஸ்பானரோடு அந்தக் கிளிப்பில் கை வைத்தார்.

“பாஸ், ஏகட அத கஹன்ன எப்பா!” என்று கத்தினேன். அதில் கை வைக்காதே! கோயில் சந்தனம்!

அந்த மனிதர் சுடுசட்டியைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். “சமாவென்ன மாத்தயா” என்று மன்னிப்புக் கேட்டு, அந்தக் கையை நெற்றியில் வைத்தார். பிறகு, அதைக் கழற்றாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார். நான் அவரைத் திட்டினேன். வேலை தெரியாதவன் என்று திட்டினேன். என் வாய்க்குப் பயந்து இந்த ஒழுங்கையில் பூனைகூட எங்கள் மதிலில் இருப்பதில்லை.

திரும்பிப் பார்த்தால் பவானி காரில் இல்லை. பிடித்து நடக்கிற வோக்கரை ஊன்றிக்கொண்டு தானாகவே இறங்கி, படியேறி, உள்ளே போய்க் கட்டிலில் இருந்துவிட்டாள். சேலையையும் மாற்றிவிட்டாள். வீட்டுச் சட்டையில் இருந்தாள். மணி பத்தரை.

“டாக்சிக்கு அடிக்கிறன்” என்றேன்.

“வேண்டாம்.”

“என்ன வேண்டாம்? பகிடியோ? எழும்பும்.”

“நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன்” என்றாள். கோபம் இல்லை. அழுகையும் இல்லை. கடை பூட்டியாயிற்று என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். “புது பற்றரியும் போட்டாச்சு. சந்தனமும் வச்சாச்சு. அதுக்கும் மேல கார் போகமாட்டன் எண்டால் என்ன அர்த்தம்? விடுங்கோ.”

நான் கத்தினேன். அரை மணி நேரம் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடமாக நாய் மாதிரி ஓடுகிறேனே, அதற்கு இதுதானா கைம்மாறு என்றுகூடக் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போனேன். நனைந்துகொண்டே போனேன். தேங்காய் வாங்கி அடித்தேன். அடித்தேன் என்றால், கல்லில் எறிந்தேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்று கும்பிடவில்லை, சண்டை பிடித்தேன். “உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? ஒரு காரைக்கூட ஓட வைக்கத் தெரியாதா உனக்கு? காரை ஸ்டார்ட் ஆக்கு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. காரை ஸ்டார்ட் ஆக்கு.” ஐயர் பயந்துபோய்த் திருநீற்றை நீட்டினார். பூசிக்கொண்டு ஓட்டமாக வந்து சாவியைத் திருப்பினேன். டிக்.

அடியார்களே, அந்தச் சத்தத்தை இப்போதும் நான் கனவில் கேட்கிறேன்.

டயலிசிஸ் பகுதி நேர்ஸ் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். புதன்கிழமை இரண்டு மணிக்கு ஒரு கட்டில் இருக்கிறது, எப்படியாவது கொண்டு வாருங்கள், வெள்ளி வரைக்கும் விடாதீர்கள் என்றார். புதன் காலை பவானியின் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. மூச்சில் ஒரு கரகரப்பு. நிமிர்ந்து இருந்தால்தான் முடிகிறது, படுக்க முடியவில்லை. நான் அவளைக் கேட்காமலே டாக்சிக்கு அடித்தேன். மழைக்குள் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டார்கள். மூன்றாவது வந்தது. பெரிய வசதியான கார், ஆசனமும் சாய்கிறது. அவளைத் தூக்கப் போனேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெள்ளையாகிவிட்டன.

“என்னைத் தொடாதேங்கோ.”

“பவானி, செத்துப்போவீர்.”

“ஓம்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஓம் என்று. டாக்சிக்காரர் இருபது நிமிடம் நின்றார். பிறகு மெதுவாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. நாற்பது வருடம் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் அதட்டி வேலை வாங்கியவன் நான். அதட்டினால் எதுவும் நடக்கும் என்று நம்பியவன். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அந்த மெலிந்த விரல்களுக்கு முன்னால் என் அதட்டல் செல்லவில்லை. சாமியறைக்குள் போனேன். பூ வைக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை, தேவாரமும் வரவில்லை. வெறும் நிலத்தில் இருந்தேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. நேற்று முழுவதும் நான் கேட்டது காரை. எனக்கு வேண்டியது கார் இல்லையே. டாக்சி வாசலில் வந்து நின்றதே, அவள் வந்தாளா? உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்க எனக்குப் பயம். கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால்? ஆனாலும் கேட்டேன். சத்தமில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அதட்டாமல் கேட்டேன். “அப்பனே, பவானிக்கு வாழ வேணும் எண்ட ஆசையைக் குடு. நான் அதைக் கடையில வாங்கிக் குடுக்க ஏலாது. அதைக் குடுக்கிற எண்ணம் உனக்கு இல்லையெண்டால், அவவை விடுகிற மனத்தை எனக்குக் குடு. எனக்கு அது இல்லை. துண்டா இல்லை.” பிள்ளையார் அந்த இரண்டாவதைத்தான் தரப்போகிறார் என்று நினைத்தேன். வேறு எதையும் நம்புகிற நிலையில் நான் இல்லை.

எழும்பி வந்தேன். அவளை அள்ளிக்கொண்டு போக என்னால் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. எங்கள் கந்தோர் வாகனங்களுக்கு முன்பு வயர் வேலை செய்த அந்தோனியின் நம்பர் ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். விஷயத்தைச் சொன்னேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். காரால் இனி என்ன பிரயோசனம் என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் பொனற்றைத் திறந்துவிட்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

அந்தோனி அதிகம் கதைக்காதவர். கழுத்தில் செபமாலை. ஒரு மீற்றரை எடுத்தார். அதன் ஊசியைச் சந்தனத்துக்கு ஊடாக ஈயக் குமிழில் குத்திப் பிடித்துக்கொண்டு, “ஐயா, சாவியத் திருப்புங்க” என்றார். திருப்பினேன். டிக். “பற்றரில பவர் அப்புடியே நிக்குது.” பிறகு ஊசியை எடுத்து வயரின் கிளிப்பில் வைத்தார். “இன்னொருக்கா.” திருப்பினேன். டிக். மீற்றரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“ஐயா, பற்றரி நல்லது. ஸ்டார்ட்டரும் நல்லதாத்தான் இருக்கணும். பற்றரில இருக்கிற கரண்ட் வயருக்கு வரல. ரெண்டுக்கும் நடுவுல என்னமோ அடைச்சிக்கிட்டு இருக்கு. லைட்டுக்கும் ஹோர்னுக்கும் கொஞ்சம் போதும், அது எரியும். ஸ்டார்ட்டருக்கு முழுசா வேணும்.”

குனிந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு கிளிப்புக்குள்ளும், நாலு நாள் காய்ந்து, சீமெந்து மாதிரி இறுகிப்போய் என் சந்தனம்.

அந்தோனி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தபடியே, மிகத் தணிந்த குரலில் கேட்டார். “சாமிக்கு வெச்சது மாதிரி இருக்கு. நான் வேற சமயம். தொடச்சா ஐயா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

பொருத்திய மனிதர் மரியாதைக்காக அதைத் தொடவில்லை. சுனில் பாஸ் தொடப்போக நானே தடுத்தேன். இவர் அனுமதி கேட்கிறார். எல்லோரும் என் கடவுளுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நான்தான், கார் நிற்கக் கூடாது என்று கும்பிட்ட அதே கையால், காரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவள் அதைக் கடவுளின் முடிவு என்று நம்பிக் கட்டிலில் மூச்சுக்குப் போராடுகிறாள்.

வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டேன். ஈரம், சேறு எதுவும் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். என் தாய் தகப்பன் செத்தபோதும் அப்படி அழுததில்லை. “நான்தான் கொல்லுறன், அந்தோனி. என்ர மனிசியை நான்தான் கொல்லுறன். அவ இல்லாமல் நான் என்ன செய்வன்? ஒரு தேத்தண்ணி குடிக்க எனக்கு இன்னொரு ஆள் எதிரில இருக்க வேணும். எனக்கு அவ வேணும். வேற ஒண்டும் வேண்டாம், அவ வேணும்.” அந்தோனி என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பின்னால் வோக்கர் நிலத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

பவானி கதவடியில் நின்றாள். கட்டிலில் இருந்து கதவு வரைக்கும் வந்ததற்கே அவளுக்கு நெஞ்சு மேலும் கீழும் போனது. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. என்னைப் பார்த்தாள். நாங்கள் கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடம். அந்த முப்பத்தெட்டு வருடத்தில் நான் அழுது அவள் பார்த்ததில்லை. “பவானி, எனக்கு நீர் வேணும்” என்று நான் சொல்லி அவள் கேட்டதும் இல்லை. வெளிக்கிடும், நேரமாச்சு, மருந்து குடிச்சீரா, சாவி எங்கே. இவைதான் நான் அவளோடு கதைத்த கதை.

“என்ன நடந்தது, தம்பி?” என்று அந்தோனியைக் கேட்டாள். அவர் பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் மெதுவாகக் காரடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, “குசினியில சுடுதண்ணி இருக்கு. ஒரு துணியும் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றாள் எனக்கு.

கொண்டு வந்தேன். அந்தோனி கிளிப் இரண்டையும் கழற்றினார். பவானி ஒரு கையால் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தச் சந்தனத்தை ஊறவைத்து, உரஞ்சி, துடைத்தாள். மூச்சு வாங்கி வாங்கித் துடைத்தாள். நான் துணியை வாங்கப் போனேன், தரவில்லை.

“பிள்ளையாருக்கு இருக்க வேற இடம் கிடைக்கேல்லையோ?” என்றாள். “ஒரு பொட்டு வச்சால் காணாதோ உங்களுக்கு? தோசைக்குச் சட்னி பூசின மாதிரியெல்லோ பூசி வச்சிருக்கிறியள்.”

அந்தோனி மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை. அவர் மண் கடதாசியால் குமிழைத் தேய்த்து மினுங்கவைத்து, கிளிப்பை இறுக்கி முறுக்கினார். சாவியைத் திருப்பினேன். கார் உடனே உறுமியது.

நான் அவளைக் கேட்கவில்லை. உங்களுக்கு முன்னால் சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கத் துணிவு வரவில்லை. இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஈரத் துணியைப் பிழிந்து மதிலில் போட்டாள்.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? இரண்டு மணிக்கெண்டால் இப்பவே வெளிக்கிட வேணும். இந்தச் சட்டையோட என்னண்டு வாறது? என்ர சேலையை எடுங்கோ.”

பொரளைக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளம். ஊர்ந்துதான் போனோம். பாதி வழியில் அவள் சொன்னாள், “நான் உங்களுக்குச் சுமை எண்டு நினைச்சன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உங்கட முகத்தைப் பார்க்க அப்பிடித்தான் இருக்கும். கடமைக்கு ஓடுறியள் எண்டு நினைச்சன். எனக்குத் தெரியாமல் போச்சு.” அன்று மிஸ்ஸிடம் நல்ல ஏச்சு வாங்கினோம், இரண்டு பேரும். ஐந்தரை மணிக்கு அவளுடைய மூச்சு சீராகியது.

அதற்குப் பிறகு பவானி ஐந்து மாதம் இருந்தாள். ஐந்தே மாதம். பங்குனியில் போய்விட்டாள். இருதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

இப்போது உங்களில் சிலர் மனதுக்குள் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். பிறகு என்ன ஐயா அற்புதம், மனிசி போய்விட்டாவே என்று. நானும் கேட்டேன். முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் கேட்டேன். வீட்டில் தேத்தண்ணியைப் போட்டு, குடிக்காமல் ஊற்றினேன். பிள்ளையாரிடமும் போகவில்லை. அந்த இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழும்பி அவளைக் கூப்பிட வாய் திறந்து, பிறகு மூடிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஐந்து மாதத்தை நான் எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அவளை நான் அவசரப்படுத்தவில்லை. அவளே எனக்கு முன்னால் சேலை கட்டிக்கொண்டு இருப்பாள். போகும் வழியில் கதைப்போம். அவளுக்கு மரவள்ளிக்கிழங்குப் பொரியல் பிடிக்காது என்று எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிய வந்தது. முப்பத்தெட்டு வருடம் எனக்காகச் சாப்பிட்டிருக்கிறாள். சுனில் பாஸிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார். நான் கேட்டது கார் என்றால், அது ஒரு துணியோடும் சுடுதண்ணியோடும் முடிந்துவிட்டது. நான் அந்த வெறும் நிலத்தில் இருந்து கேட்டது வேறு.

இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கார் பொரளைக்குப் போகிறது. தெஹிவளையில் இருந்து ஒரு அம்மா, நடக்க முடியாதவர், என்னோடு வருகிறார். நான் அவரோடு மெதுவாகத்தான் கதைக்கிறேன். உங்களுக்கும் வீட்டில் யாராவது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், கடவுளிடம் காரைக் கேட்காதீர்கள். வீட்டைக் கேட்காதீர்கள். வாயில் வரப் பயப்படுகிற அந்த ஒன்றை, பயந்துகொண்டே கேளுங்கள். பிறகு எழும்பிப் போய் அதையே அந்த ஆளிடமும் சொல்லுங்கள். நான் பிந்திச் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். பிள்ளையார் கைவிடமாட்டார். என்னைப் போல ஒரு முரடனையே கைவிடவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பவானி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். என் கையைத் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ, வாற செவ்வாய்க்கிழமை வெள்ளண வருவம். பிந்தினால் ஜன்னல் பக்கக் கட்டிலை வேற ஆக்கள் பிடிச்சுப்போடுவினம்.”

ஞாயிறு காலை நித்திரையிலேயே போய்விட்டாள். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்றவள், செவ்வாய்க்கிழமை நேரத்தோடே போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கேட்டது அதைத்தான். பிள்ளையார் அதை எனக்குத் தந்தார்.